அபோ பி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் இப்போது லிப்பிட் புரொஃபைலுக்குக் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) கீழே சில வரிகள் கூடுதலாக வருகின்றன. அபோலிப்போபுரோட்டீன் ஏ1, அபோலிப்போபுரோட்டீன் பி (சுருக்கமாக அபோ பி), அப்புறம் இரண்டுக்கும் உள்ள விகிதம். எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்), எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) எல்லாம் நமக்கு ஓரளவு பழகிவிட்டன. இந்த வரிகளைப் பார்த்தால்தான் பலரும் முழிக்கிறார்கள். பக்கத்தில் 'ஹை' என்று அடித்திருந்தால் பயந்துவிடுகிறோம். அடிக்கவில்லை என்றால் 'நார்மல்தானே' என்று ஃபைலில் வைத்து மூடிவிடுகிறோம். என்னைக் கேட்டால், பயப்படுவதைவிட மூடி வைப்பதுதான் பெரிய தவறு. காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

இந்தக் கட்டுரை ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

படி 1: எதை எண்ணியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தானாகக் கரையாது. அதனால் கல்லீரல் அதையும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பையும் சின்னச் சின்னத் துகள்களில் அடைத்து ரத்தத்தில் அனுப்புகிறது. விஎல்டிஎல், அது சுருங்கி வரும் ஐடிஎல், அதற்கடுத்து எல்டிஎல், தனியாக லிப்போபுரோட்டீன் (ஏ) என்று இந்தத் துகள்களில் பல வகை உண்டு. ரத்தக் குழாயின் உள்சுவருக்குள் புகுந்து அங்கேயே சிக்கி, வருடக்கணக்கில் அடைப்பாக வளரக்கூடியவை இவைதான். இவற்றில் எந்தத் துகளை எடுத்தாலும் அதில் ஒரே ஓர் அபோ பி புரதம்தான் இருக்கும். துகள் பெரிதானாலும் சிறிதானாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆக, அபோ பி-யை அளந்தால் கெட்ட துகள்கள் மொத்தம் எத்தனை என்று தெரிந்துவிடும். எச்டிஎல்லில் அபோ பி கிடையாது. அதன் முக்கியப் புரதம் ஏ1.

அப்படியானால் எல்டிஎல் கொலஸ்ட்ரால் என்று இத்தனை நாள் பார்த்துவந்தது என்ன? அது துகள்களின் எண்ணிக்கை இல்லை; அவற்றுக்குள் இருக்கும் சரக்கின் எடை. அரிசிக் கடையை நினைத்துப் பாருங்கள். 100 கிலோ அரிசி 25 கிலோ சிப்பத்தில் வந்தால் 4 மூட்டை. அதே 100 கிலோ 10 கிலோ பையில் வந்தால் 10 மூட்டை. எடை மாறவில்லை, மூட்டை இரண்டரை மடங்காகிவிட்டது. ரத்தக் குழாய்ச் சுவரில் சிக்குவது துகள் முழுசாகத்தான் என்பதால், எத்தனை துகள் என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம்.

பெரும்பாலானவர்களுக்கு அபோ பி துகள்களில் 90 சதவீதத்துக்கு மேல் எல்டிஎல்தான். அதனால் பலருக்கு இரண்டு எண்களும் ஒரே கதையைத்தான் சொல்லும். சொல்லாதவர்களுக்காகத்தான் இந்த டெஸ்ட்.

படி 2: சரியான வரியைத்தான் பார்க்கிறீர்களா?

சிரிக்காதீர்கள், இங்கே நிறைய குழப்பம் நடக்கிறது. அபோலிப்போபுரோட்டீன் ஏ1 வேறு, லிப்போபுரோட்டீன் (ஏ) வேறு. முதலாவது எச்டிஎல்லின் புரதம். கூடுதலாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் சின்ன 'ஏ' போட்டது, பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிற ஒரு தனி ஆபத்து. அபோ ஈ என்று இருந்தால் அது வேறொரு புரதம், இன்னொரு கதை. மரபணு டெஸ்ட்டாகக்கூட இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது 'பி' அல்லது 'பி-100' என்று முடியும் வரி.

அடுத்து அலகு. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் எம்ஜி/டிஎல் (ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) என்று வரும். சில இடங்களில் கிராம்/லிட்டர் என்று வரும். அப்போது 0.98 என்று இருப்பதைப் பார்த்து 'ஒன்றுகூட இல்லையே' என்று நினைக்க வேண்டாம். 100-ஆல் பெருக்கினால் 98 எம்ஜி/டிஎல். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் ரிப்போர்ட்டையும் இங்குள்ளதையும் ஒப்பிடும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவில்லையே என்ற கவலை வேண்டாம். சாப்பிட்ட பின் குடலிலிருந்து வரும் கொழுப்புத் துகள்களில் இருப்பது அபோ பி-48 என்ற குட்டை வடிவம். மொத்தத்தில் அதன் பங்கு மிகச் சொற்பம். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் அபோ பி பெரிதாக மாறாது. ஆனால் கூடவே எடுக்கும் சுகருக்கும் டிரைகிளிசரைடுக்கும் இது பொருந்தாது, அதனால் லேப்காரர் சொன்னபடி செய்துவிடுங்கள்.

படி 3: 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என்று ஒரு கட்டம் இருக்கும். பல லேப்களில் ஆண்களுக்கு அதன் மேல் எல்லை 130-ஐ ஒட்டி இருக்கும். பெண்களுக்குச் சற்றுக் குறைவாக. அது எப்படி வந்தது? வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்து, அவர்களில் பெரும்பாலானோர் எந்த எல்லைக்குள் வருகிறார்கள் என்று பார்த்து எழுதியது. ஊரில் பாதிப் பேருக்குக் கொழுப்பு கூடுதல் என்றால், அந்தக் கூடுதலும் 'நார்மல்' கட்டத்துக்குள்தான் வரும். இந்தியாவில் இது வெறும் வாதம் இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் நடந்து 2014-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'ஐசிஎம்ஆர்-இண்டியாப்' (ICMR-INDIAB) ஆய்வில், பரிசோதித்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஓர் அளவு சரியில்லை; 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு.

அதோடு, அமெரிக்க இதய அமைப்புகளின் 2018 வழிகாட்டி, அபோ பி 130-ஐத் தொட்டாலே அதை 'ஆபத்தைக் கூட்டும் காரணி' என்று சொல்கிறது. எல்டிஎல் கணக்கில் அது சுமார் 160-க்குச் சமம். நம் லேப் தாளில் நார்மல் முடியும் இடமும் அந்த வழிகாட்டி எச்சரிக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்று! அதனால் 118 என்று வந்து பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை என்றால், நிம்மதியாக ஃபைலை மூட அது காரணமில்லை. உங்களுக்கு எந்த எண் சரி என்பது அந்தக் கட்டத்தில் இல்லை. உங்கள் உடம்பின் வரலாற்றில் இருக்கிறது.

படி 4: உங்கள் ஆபத்து எந்தப் படிநிலையில் என்று பாருங்கள்

ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019 வழிகாட்டி தரும் இலக்குகள் ஞாபகம் வைக்க எளிது. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பைபாஸ், மூளையில் அடைப்பால் வந்த பக்கவாதம், அல்லது உறுப்புகளைப் பாதித்துவிட்ட சர்க்கரை நோய் என்று மிக அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு அபோ பி 65-க்குக் கீழ் (எல்டிஎல் 55-க்குக் கீழ்). அடுத்த படிநிலையில், அதாவது அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு 80-க்குக் கீழ் (எல்டிஎல் 70). நடுத்தர ஆபத்து என்றால் 100-க்குக் கீழ் (எல்டிஎல் 100). இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் எல்டிஎல் இலக்குகள் இதே போக்கில்தான் இருக்கின்றன: மிக அதிக ஆபத்துக்கு 55, அதிக ஆபத்துக்கு 70, சாதாரண ஆட்களுக்கு 100.

நீங்கள் எந்தப் படிநிலை என்பதை நீங்களே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவற்றைத் தயாராக வைத்திருக்கலாம்: வயது, பிபி, சுகர் எத்தனை வருடமாக, புகைபிடிக்கும் பழக்கம், சிறுநீரகக் கோளாறு, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன் (அம்மா, அக்கா என்றால் 65-க்கு முன்) மாரடைப்பு வந்ததா என்பது. கடைசிக் கேள்வியை நம்மில் பலர் 'அவருக்கு வயசாகித்தான் வந்தது' என்று சொல்லித் தாண்டிவிடுவோம். 52 வயது வயசான கணக்கில் வராது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி. அந்த ஆய்வில் மாரடைப்போடு மிக வலுவாக ஒட்டி நின்ற காரணிகளில் ஒன்று அபோ பி, ஏ1 விகிதம்தான். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த விகிதம் வருவது அதனால்தான். ஆனால் சிகிச்சையில் டாக்டர்கள் துரத்துவது விகிதத்தை இல்லை, அபோ பி-யை. விகிதத்துக்காக ரொம்ப யோசிக்க வேண்டாம்.

படி 5: எல்டிஎல்லையும் டிரைகிளிசரைடையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. விளக்குவதற்காக இரண்டு ரிப்போர்ட்டுகளை நானே எழுதிக் காட்டுகிறேன்.

முதலாமவர்: மொத்தக் கொலஸ்ட்ரால் 170, எச்டிஎல் 54, டிரைகிளிசரைடு 80. பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972-ல் ஃப்ரீட்வால்ட் குழு கொடுத்த சூத்திரத்தில் கணக்குப் போடுவார்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 170 − 54 − 16 = 100. அபோ பி 82 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாமவர்: மொத்தம் 178, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 220. 178 − 34 − 44 = 100. அதே எல்டிஎல்! ஆனால் இவருடைய அபோ பி 112.

இரண்டு பேருக்கும் எல்டிஎல் 100 என்பதால் 'பார்டர்ல இருக்கு, பார்த்துக்கலாம்' என்று ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். இரண்டாமவர் தொப்பை, ஃபேட்டி லிவர், சுகர் தொடங்கும் நிலை என்று நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள். இவருடைய கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த விஎல்டிஎல்லை அள்ளி அனுப்புகிறது. அவை ரத்தத்தில் சுற்றும்போது எல்டிஎல்லுக்கு டிரைகிளிசரைடைக் கொடுத்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்புறம் அந்த டிரைகிளிசரைடும் கரைந்து போக, எல்டிஎல் துகள் சுருங்கிப் போகிறது. ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் குறைவு, ஆனால் துகள்கள் அதிகம். மொத்த எடையைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும். எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல் என்ற இந்த ஜோடி நம் மக்களிடம் மிகச் சகஜம் என்பதால், அபோ பி நமக்கு மற்றவர்களைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து. கனடாவின் 2021 வழிகாட்டி, டிரைகிளிசரைடு சுமார் 133 எம்ஜி/டிஎல்லைத் தாண்டினால் எல்டிஎல்லைவிட அபோ பி-யையோ நான்-எச்டிஎல்லையோ பார்க்கச் சொல்கிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் ஃப்ரீட்வால்ட் கணக்கே செல்லாது.

நான்-எச்டிஎல் என்றேனே, அதற்குப் பைசா செலவில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் போதும். முதலாமவருக்கு 116, இரண்டாமவருக்கு 144. வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதா? அபோ பி டெஸ்ட் எடுக்க வசதியில்லை, ஊர் லேபில் இல்லை என்றால் இந்தக் கழித்தல் கணக்கே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். இலக்கு, எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டியது: 85, 100, 130.

எண்கள் எதிர்த்திசையில் விலகுவதும் உண்டு. எல்டிஎல் கூடுதலாக இருந்து அபோ பி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், துகள்கள் பெரியவை, எண்ணிக்கை குறைவு என்று பொருள். பேலியோ, கீட்டோ உணவில் இருக்கும் நண்பர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். டிரைகிளிசரைடு 70-க்கு இறங்கிவிட்டது, எல்டிஎல் மட்டும் 190; 'அது பெரிய, பஞ்சு மாதிரி எல்டிஎல், ஒன்றும் செய்யாது' என்பார்கள். சரி, அதைச் சரிபார்க்கத்தான் ஒரு டெஸ்ட் இருக்கிறதே. அபோ பி எடுத்துப் பாருங்கள். அது 130, 140 என்று வந்தால், துகள் பெரிதோ சிறிதோ, எண்ணிக்கை ஏகப்பட்டது. வாதம் அங்கேயே முடிந்தது. பெரிய எல்டிஎல்லும் சுவருக்குள் நுழையும் அளவுக்குச் சின்னதுதான்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். ஸ்டாட்டின் எல்டிஎல் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சதவீதம், அபோ பி-யைக் குறைக்கும் சதவீதத்தைவிட அதிகம். அதனால் எல்டிஎல் 68-க்கு வந்து 'டார்கெட் அடிச்சாச்சு' என்று சொன்ன பிறகும் அபோ பி 88-ல் நிற்கலாம். சுகர் நோயாளியாக இருந்தால், மருந்தை இன்னும் சரிசெய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க அது நல்ல காரணம்.

படி 6: எண்ணை நம்புவதற்கு முன் இவற்றைக் கழித்துப் பாருங்கள்

தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் அபோ பி ஏறும். கொலஸ்ட்ரால் திடீரென்று கூடியிருந்தால் டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் பார்க்காமல் ஸ்டாட்டின் ஆரம்பிப்பது அவசரம். சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ராட்டிக் நிலை, பித்த ஓட்டம் தடைபடுதல், கர்ப்பம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் ஏற்றிவிடும். கர்ப்ப காலத்து ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இறக்குபவையும் உண்டு. கடுமையான காய்ச்சல், பெரிய ஆபரேஷன், மாரடைப்பு இவற்றுக்குப் பின் சில வாரங்களுக்குக் கொழுப்பு அளவுகள் பொய்யாகக் குறைந்து தெரியும். டெங்குவில் படுத்து எழுந்தவுடன் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

எல்டிஎல் 190-க்கு மேல், அபோ பி-யும் மிக அதிகம், வீட்டில் இளவயது மாரடைப்பு, குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் தடித்திருக்கிறது என்றால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். அப்போது அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும். இது அரிதான நோய் இல்லை. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதுதான் அதிகம்.

அபோ பி-யே ஏமாற்றும் ஓர் அரிய நோயும் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இரண்டுமே 300, 350 என்று கைகோத்து ஏறியிருக்கும். அபோ பி மட்டும் அவ்வளவு கூடுதலாக இராது. அபோ ஈ கோளாறால் பாதி கரைந்த துகள்கள் தேங்கும் நிலை அது. துகள் எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் கொலஸ்ட்ராலால் நிரம்பியது, ஆபத்து அதிகம். உள்ளங்கை ரேகைகளில் மஞ்சளாகப் படிந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

லிப்போபுரோட்டீன் (ஏ) கூடுதலாக இருப்பவர்களுக்கும் அபோ பி முழுக்கதையைச் சொல்லாது. அந்தத் துகளும் கணக்கில் சேர்ந்துவிடும் என்றாலும், எண்ணிக்கையில் அது கொஞ்சம்தான். செய்யும் தீங்கோ துகளுக்குத் துகள் அதிகம். அதை ஆயுளில் ஒருமுறையாவது தனியாக எடுத்துவிடுவது நல்லது.

படி 7: அடுத்து என்ன செய்வது

சாப்பாட்டில் அபோ பி-யை நேராக ஏற்றுவது நிறைசெறிவுக் கொழுப்பு: நெய், வெண்ணெய், டால்டா, பாமாயில், தேங்காய் எண்ணெய், கொழுப்போடு சேர்ந்த ஆட்டுக்கறி. தேங்காய் எண்ணெயைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஆனாலும் மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது எல்டிஎல்லை ஏற்றவே செய்கிறது. நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் குழம்பில் தேங்காயே கூடாது என்று பதற வேண்டாம். பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாறினாலே வித்தியாசம் தெரியும். ரேஷன் பாமாயிலுக்கும் இதே கதைதான்.

இரண்டாமவரைப் போல டிரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்களுக்கு எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது. தட்டில் சோற்றின் அளவு, சர்க்கரை போட்ட காபி டீ, மது, இடுப்புச் சுற்றளவு ஆகியவைதான் அங்கே முக்கியம். எடை குறைந்தால் கல்லீரல் அனுப்பும் விஎல்டிஎல் குறையும், அதோடு அபோ பி-யும். சுண்டல், பாசிப்பயறு, கொள்ளு, ஓட்ஸ், வெண்டைக்காய் போன்ற நார்ச்சத்து கொஞ்சம் உதவும்.

மருந்து தேவைப்பட்டால் ஸ்டாட்டின்தான் முதல் படி. ஸ்டாட்டின் டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். அதனால் பல டாக்டர்கள் டோஸை ஏற்றிக்கொண்டே போகாமல் எஸெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். அதற்கும் மேல் பெம்பெடோயிக் அமிலம், பிசிஎஸ்கே9 ஊசி என்று இருக்கின்றன. ஊசியின் விலை இன்னும் பலருக்கு எட்டாது.

மருந்தோ டோஸோ மாறிய பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். முடிந்தவரை அதே லேபில். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் சில புள்ளிகள் முன்னே பின்னே வரும். 84 என்று வந்தது 88 ஆனால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று பொருளில்லை. 84 என்று இருந்தது 110 ஆகிவிட்டால், முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டோமா என்று பாருங்கள், அப்புறம் தைராய்டு. அளவு இலக்குக்குள் நிலைத்துவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு செக்கப்பிலும் பேக்கேஜோடு சேர்ந்து வருகிறதே என்று காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லோரும் ஓடிப்போய் இதை எடுக்கவும் தேவையில்லை. டிரைகிளிசரைடு 100-க்குக் கீழே, எச்டிஎல் நன்றாக, எடை சரியாக, சுகர் இல்லை என்றால் எல்டிஎல்லும் நான்-எச்டிஎல்லும் உங்களுக்குப் போதுமான பதிலைத் தந்துவிடும். சர்க்கரை நோய், தொப்பை, ஃபேட்டி லிவர், டிரைகிளிசரைடு 150-க்கு மேல், எல்டிஎல் நன்றாக இருந்தும் குடும்பத்தில் இளவயது மாரடைப்பு: இவர்கள் அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் அபோ பி-யையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏ1 சேர்க்காமல் தனியாகவும் எடுக்கலாம். பல லேப்களில் அப்படிக் கேட்டால்தான் எடுப்பார்கள்.